"என்றைக்காவது உதவும்" என்று சேர்த்ததையெல்லாம் எப்படி விடுவது?

கேள்வி: எனக்கு வயது 63. மெயின்டெனன்ஸ் டெக்னீஷியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பத்துப் பன்னிரண்டு வயதிலிருந்தே எதையும் தூக்கிப் போட மனம் வராது. ஸ்க்ரூ, ஸ்பிரிங், ஒயர், பழைய ரேடியோ, மோட்டார், அட்டைப் பெட்டி, படித்து முடித்த பத்திரிகை என்று சேர்த்துச் சேர்த்து, வீட்டில் மூன்று அறைகளில் இரண்டு நிரம்பிவிட்டன. மூன்றாவதில் கட்டில் மட்டும்தான் காலியாக இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் நாங்கள் ஊரில் இல்லாத சமயம் பார்த்து, என் மகன் ஒரு வண்டி நிறைய அள்ளிக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டான். அன்றிலிருந்து அவனோடு சரியாகப் பேசுவதில்லை. காலியான இடமும் ஒரே வருடத்தில் மறுபடி நிரம்பிவிட்டது. சென்ற மாதம் நடைவழியில் கிடந்த பெட்டி தடுக்கி என் மனைவி விழுந்து, கை எலும்பு முறிந்துவிட்டது. அன்றைக்கே எல்லாவற்றையும் விட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். வேலை செய்யாத ஒரு டார்ச் லைட்டை முதலில் குப்பைத் தொட்டியில் போட்டேன். ராத்திரி தூக்கமே வரவில்லை. எழுந்து போய் எடுத்து வந்துவிட்டேன். இது நோயா, குணமா? இந்த வயதில் மாறுமா? எங்கிருந்து தொடங்குவது? மகனிடம் நான் என்ன சொல்வது?

பதில்:

அன்புள்ள ஐயா,

உங்கள் மனைவியின் கை சீக்கிரம் குணமாகட்டும். அவர் விழுந்த அன்று நீங்கள் எடுத்த முடிவு பொய்யான முடிவு இல்லை. அந்த டார்ச்சைத் திரும்ப எடுத்து வந்ததால் அது பொய்யாகிவிடவும் இல்லை.

டார்ச்சிலிருந்தே ஆரம்பிக்கிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்ட இடம் அதுதான். நீங்கள் அதைத் தொட்டியில் போட்டுவிட்டீர்கள். அதாவது, போட உங்களால் முடிந்தது. அதற்கு அப்புறம் வந்த சில மணி நேரத்தைத் தாங்கத்தான் முடியவில்லை. பயிற்சி வேண்டியிருப்பது அந்தச் சில மணி நேரத்துக்குத்தான்.

அந்த ராத்திரி உங்கள் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது. இதே கஷ்டத்தோடு வருபவர்கள் சொல்வது ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். சுவிட்ச்தான் போயிருக்கிறது, பல்பு நன்றாகத்தானே இருக்கிறது? ரிஃப்ளெக்டரைக் கழற்றி வேறு எதிலாவது பொருத்தலாமே? பத்து நிமிட வேலை, அதைச் செய்யாமல் ஒரு நல்ல பொருளைக் குப்பையாக்கிவிட்டேனே. என் கையில் தொழில் இருந்தும் இப்படிச் செய்யலாமா? நாளைக்கே கரண்ட் போனால்?

இந்த எண்ணங்களில் எதுவுமே தப்பு இல்லை. சுவிட்சை மாற்றினால் டார்ச் எரியும்தான். ஆனால் கணக்கின் ஒரு பக்கத்தை மட்டுமே மனம் பார்க்கிறது. தூக்கிப் போட்டால் என்ன நஷ்டம் என்று எண்ணி எண்ணிப் பார்க்கிறது. வைத்திருந்தால் என்ன நஷ்டம் என்ற கேள்வியை எழுப்புவதே இல்லை. அந்த நஷ்டம் ஒரே டார்ச்சில் தெரியவும் தெரியாது. ஆயிரம் பொருள் சேர்ந்து நடைவழியை அடைத்த பிறகுதான் தெரிகிறது.

பொதுவாகவே, சொந்தம் என்று ஆன பொருளின் மதிப்பு எல்லோர் மனதிலும் ஏறிவிடும். டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் 1990-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைக் காட்டியது. மாணவர்களில் பாதிப் பேருக்குச் சாதாரண காபிக் கோப்பை ஒன்றைக் கொடுத்தார்கள். வாங்க நினைத்தவர்கள் சொன்ன விலையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கொடுத்தால்தான் விற்போம் என்றார்கள் கோப்பை வைத்திருந்தவர்கள். அது அவர்கள் கைக்கு வந்து சிறிது நேரம்தான் ஆகியிருந்தது. ஐம்பது வருடம் வைத்திருந்த பொருளிடம் உங்களுக்குள்ள பிடிப்பை இதிலிருந்து நினைத்துப் பாருங்கள்.

உங்களைப் போன்றவர்களுக்கு இந்தப் பிடிப்பு இன்னும் ஒரு படி அதிகம். 2012-இல் உளவியல் ஆய்வாளர் டேவிட் டோலினும் அவருடைய குழுவினரும், பொருள் குவிக்கும் பிரச்சினை உள்ளவர்களை, மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று காட்டும் எஃப்.எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குள் படுக்க வைத்து, காகிதங்களை வைத்துக்கொள்வதா கிழித்துப் போடுவதா என்று முடிவு செய்யச் சொன்னார்கள். சிலவற்றை அவர்களே வீட்டிலிருந்து கொண்டு வந்திருந்தார்கள், மற்றவை வேறு யாருடையவோ. தவறுகளைக் கவனிப்பதிலும், 'இது முக்கியம்' என்று உணர்வதிலும் பங்குள்ள இரண்டு மூளைப் பகுதிகள், யாருடையவோ காகிதம் வந்தபோது வழக்கத்தைவிட மந்தமாக இருந்தன. சொந்தக் காகிதம் வந்ததுமே அளவுக்கு மீறிக் கிளர்ந்தன. பக்கத்து வீட்டுக்காரர் டார்ச்சை நீங்கள் ஒரு நொடியில் தூக்கிப் போட்டிருப்பீர்கள்.

இப்போது உங்கள் முதல் கேள்வி, நோயா குணமா என்பது. உங்களை நேரில் பார்க்காமல் நோயின் பெயரை உங்கள் மேல் ஒட்ட மாட்டேன். ஆனால் இப்படி ஒரு கோளாறு உண்டு, அதற்கு மருத்துவத்தில் பெயரும் உண்டு. நெடுங்காலம் இதை ஓ.சி.டி.யின் (ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வரும் மனநலக் கோளாறு) ஒரு பகுதியாகத்தான் பார்த்தார்கள். 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டி.எஸ்.எம்.-5 கையேடு, 'ஹோர்டிங் டிஸார்டர்' என்று இதைத் தனியாகப் பிரித்தது. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார அமைப்பின் ஐ.சி.டி.-11 பட்டியலிலும் இது தனியாகவே இருக்கிறது. நூற்றில் இரண்டு மூன்று பேருக்காவது இது இருக்கும் என்கின்றன ஆய்வுகள். பெரும்பாலும் பதினொன்று முதல் பதினைந்து வயதுக்குள் தலைகாட்டும், குடும்பத்தில் இன்னொருவருக்கும் இருக்கும், ஒவ்வொரு பத்து வருடத்துக்கும் கூடிக்கொண்டே போகும். உங்கள் கதையோடு இது எவ்வளவு பொருந்துகிறது என்று நீங்களே பார்க்கலாம். சோம்பேறித்தனம், கஞ்சத்தனம் என்று இத்தனை வருடம் மற்றவர்கள் சொன்னதை இனிமேல் நீங்களும் உங்களைப் பார்த்துச் சொல்லாதீர்கள்.

சேகரிப்பவர்கள் எல்லோருக்கும் இந்தக் கோளாறு இருக்கிறது என்று அர்த்தமில்லை. தபால்தலை சேர்ப்பவர் தன்னிடம் என்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுவார், நான்கு பேரைக் கூப்பிட்டுக் காட்டவும் செய்வார். நாங்கள் முக்கியமாகப் பார்ப்பது, எந்த அறை எதற்காகக் கட்டப்பட்டதோ அதற்கு அது பயன்படுகிறதா என்பதைத்தான். கட்டிலில் படுக்க முடிகிறதா, மேஜையில் எழுத முடிகிறதா, ஒரு விருந்தாளியை உட்கார வைக்க முடிகிறதா? இதை அளக்க ஒவ்வொரு அறைக்கும் ஒன்பது புகைப்படங்கள் கொண்ட ஒரு முறை இருக்கிறது. முதல் படத்தில் அறை காலியாக இருக்கும், ஒன்பதாவதில் கூரை வரை நிரம்பியிருக்கும். நான்காவது படத்தை எட்டினாலே உதவி தேவைப்படலாம் என்று எடுத்துக்கொள்வோம். நீங்களும் இன்றைக்கே மூன்று அறைகளையும் வாசலில் நின்று போனில் படம் எடுங்கள். தினமும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு நேரில் தெரியாதது படத்தில் தெரியும். அந்தப் படங்களை அழிக்காமல் வைத்திருங்கள். இது ஒன்றை நீங்கள் சேர்த்து வைக்கலாம்!

அடுத்து, எங்கிருந்து தொடங்குவது?

முதல் வாரம் அறைகள் பக்கமே போக வேண்டாம். உங்கள் மனைவி நடக்கும் வழியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டிலிலிருந்து கழிவறை, சமையலறை, வாசல் கதவு. இந்த வழியில் தரையில் ஒரு பொருள்கூட இருக்கக் கூடாது. அங்கே இருப்பதைத் தூக்கிப் போடுவதா வைத்துக்கொள்வதா என்று இப்போது யோசிக்கவே வேண்டாம், இடம் மாற்றினால் போதும். அடுப்பைச் சுற்றியும், மின்சார போர்டுக்கு முன்னாலும் இதே வேலை. மெல்போர்ன் தீயணைப்புத் துறை பத்து வருடத் தீ விபத்துகளை ஆராய்ந்தபோது, தவிர்த்திருக்கக்கூடிய வீட்டுத் தீ மரணங்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்று இப்படிப் பொருள் குவிந்த வீடுகளில் நடந்திருந்தது. பழைய போன், லேப்டாப் பேட்டரிகள் அந்தக் குவியலில் இருந்தால், முக்கியமாக உப்பியவை இருந்தால், முதலில் வெளியேற வேண்டியவை அவைதான். சாதாரணக் குப்பையில் போடாமல் மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். அழுத்தம் பட்டால் லித்தியம் பேட்டரி என்ன செய்யும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

இரண்டாவது, உள்ளே வருவதை நிறுத்துவது. மகன் காலி செய்த இடம் ஒரே வருடத்தில் நிரம்பியது என்கிறீர்கள். வெளியேற்றுவதற்கு முன் உள்ளே வருவதை நிறுத்தாவிட்டால் இந்த முறையும் அதுதான் நடக்கும். எங்கிருந்தெல்லாம் வருகிறது என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். வழியில் கிடந்தது, நண்பர் 'உனக்கு உதவும்' என்று கொடுத்தது, காயலான் கடையில் மலிவாகக் கிடைத்தது, பொருளோடு வந்த பெட்டி. அப்புறம், உங்களுக்கு அதிக ஆசை காட்டும் இடத்துக்கு வேண்டுமென்றே ஒரு நாள் போங்கள். ஒரு பொருளை எடுங்கள், பாருங்கள், இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்புங்கள். உள்ளுக்குள் பரபரவென்று இருக்கும். அந்தப் பரபரப்பு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். வாங்காமல் வருவதும் பழகினால்தான் வரும், முதலில் சின்ன ஆசையில் தொடங்கிப் பிறகு பெரியதுக்குப் போகலாம்.

மூன்றாவதாகத்தான் வெளியேற்றுவது. நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல நினைப்பதும் இங்கேதான் இருக்கிறது. "இது இனிமேல் தேவைப்படவே படாது" என்ற உறுதி கிடைத்த பிறகு தூக்கிப் போடலாம் என்று நீங்கள் ஐம்பது வருடமாகக் காத்திருக்கிறீர்கள். அந்த உறுதி எந்தப் பொருள் விஷயத்திலும் யாருக்கும் கிடைக்காது. சுத்தமாக வீடு வைத்திருப்பவர்களுக்கும் அது கிடைப்பதில்லை. 'ஒருவேளை தேவைப்பட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்' என்ற சந்தேகத்தோடுதான் அவர்களும் போடுகிறார்கள். நீங்களும் அந்தச் சந்தேகம் இருக்கும்போதே போடப் பழக வேண்டும். அது தீரட்டும் என்று காத்திருந்தால் ஒரு ஸ்க்ரூகூட வீட்டைவிட்டுப் போகாது.

அதே டார்ச்சை வைத்தே இதைச் செய்யலாம். ஒரு நோட்டை எடுங்கள். டார்ச்சைப் போட்டால் என்ன ஆகும் என்று உங்கள் மனம் சொல்கிறதோ, அதை அப்படியே எழுதுங்கள். 'ஒரு வாரம் இதே நினைப்பாக இருக்கும், தூக்கம் வராது, கட்டாயம் தேவைப்படும்.' பக்கத்தில், இப்போது மனக்கலக்கம் பத்துக்கு எத்தனை என்று ஒரு எண் போடுங்கள். எட்டு என்று வையுங்கள். பிறகு டார்ச்சைத் திரும்ப எடுக்க முடியாத மாதிரி அனுப்பிவிடுங்கள். வீட்டு வாசல் தொட்டியில் போடாதீர்கள், குப்பை வண்டி வரும் நேரத்தில் நேராகக் கையில் கொடுங்கள், அல்லது உங்கள் மனைவியிடம் கொடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி எண் போடுங்கள். படுக்கும்போது ஒன்று, மறுநாள் காலையில் ஒன்று, ஒரு வாரம் கழித்து ஒன்று.

எட்டு உடனே இரண்டாக இறங்கிவிடும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. முதல் ராத்திரி ஒன்பதாகக்கூட ஏறலாம். ஆனால் ஏறியது ஏறியபடியே நிற்காது. மீட்டு வராமல் விட்டால் தானாக இறங்கும். அன்றைக்கு நீங்கள் எழுந்து போய் எடுத்து வந்ததும் நிம்மதி வந்ததல்லவா? எடுத்து வந்ததால்தான் நிம்மதி வந்தது என்று உங்கள் மனம் கற்றுக்கொண்டது. எடுக்காமலும் நிம்மதி வரும் என்று அதற்கு ஒரு தடவைகூடக் காட்டியதில்லை. ஒரு வாரம் கழித்து அந்த நோட்டில் முதலில் எழுதியதையும், உண்மையில் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். நான் சொல்வதைவிட உங்கள் கையெழுத்தை நீங்கள் நம்புவீர்கள்.

இப்படி ஒரு பொருள், இரண்டு பொருள் என்று பழகிய பிறகு, தினமும் ஒரு நேரம் ஒதுக்குங்கள். அரை மணி போதும். நாள் முழுக்க உட்கார்ந்தால் முடிவெடுத்து முடிவெடுத்து மூளை களைத்துப்போய், கடைசியில் எல்லாமே 'இருக்கட்டும்' பக்கம் சேர்ந்துவிடும். ஒரு அலமாரித் தட்டு, ஒரு பெட்டி என்று சின்ன எல்லையாக வைத்துக்கொண்டு, மேலிருந்து வருவதை வரிசையாக எடுங்கள். சுலபமானதைப் பொறுக்க ஆரம்பித்தால் குவியலைக் கிளறித் திருப்பி வைப்பதோடு அரை மணி தீர்ந்துவிடும். கையில் எடுத்த பொருளுக்கு முடிவு சொல்லாமல் கீழே வைக்கக் கூடாது. வைத்துக்கொள்வது, கொடுத்துவிடுவது, போட்டுவிடுவது, இவ்வளவுதான். 'அப்புறம் பார்க்கலாம்' என்று நான்காவதாக ஒரு பெட்டி வைத்தால், ஒரே வாரத்தில் அந்தப் பெட்டி மட்டும்தான் நிரம்பியிருக்கும்.

'கொடுத்துவிடுவது' என்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. இதற்குச் சரியான ஆளைக் கண்டுபிடித்துத்தான் கொடுப்பேன் என்று தேட ஆரம்பித்தால், அது இன்னும் பத்து வருடம் உங்கள் வீட்டிலேயே இருக்கும். பெட்டியின் மேல் தேதி எழுதுங்கள். அந்தத் தேதிக்குள் போகவில்லையென்றால் கிடைத்த வழியில் போகட்டும்.

உங்கள் தொழில் விஷயத்தில் மட்டும் ஒரு வார்த்தை. பழுது பார்க்கத் தெரிந்தவரிடம் ஸ்பேர் பார்ட்ஸ் இருப்பதில் தப்பே இல்லை. எல்லாவற்றையும் விடுங்கள் என்று சொன்னால் அது உங்கள் திறமையை அவமதிப்பது. எத்தனை பொருள் வைக்கலாம் என்பதை இடம் முடிவு செய்யட்டும். ஒரு அலமாரி உங்களுடையது. அதில் உள்ள ஒவ்வொன்றும் வேலை செய்யும் பொருளாக, பெயர் எழுதி ஒட்டியதாக, ஒரு நிமிடத்தில் எடுக்கக் கூடியதாக இருக்க வேண்டும். புதிதாக ஒன்று உள்ளே போக வேண்டுமென்றால் பழையது ஒன்று வெளியே வர வேண்டும். இன்றைக்கு உங்களிடம் நூறு ஸ்விட்ச் இருக்கலாம். அவசரத்துக்கு ஒன்று வேண்டுமென்றால் கடைக்குத்தானே போகிறீர்கள்? தேடி எடுக்க முடியாத பொருள் இருந்தும் இல்லாதது மாதிரிதான்.

கடிதங்கள், படங்கள், இறந்துபோனவர்களின் பொருட்கள், இதையெல்லாம் கடைசிக்கு வையுங்கள். அவற்றில் கை வைத்தால் அன்றைய அரை மணியும் நினைவிலேயே போய்விடும். அது இயல்பு. முடிவெடுக்கப் பழகிய பிறகு அவற்றுக்கு வரலாம். அப்போதும் எல்லாவற்றையும் விட வேண்டியதில்லை.

உங்கள் மகன் விஷயத்துக்கு வருகிறேன். கேட்காமல் அள்ளிப் போட்டது உங்களுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பலவந்தமாகக் காலி செய்வது இந்தப் பிரச்சினையைத் தீர்ப்பதும் இல்லை. முடிவெடுக்கும் பழக்கம் அதில் வருவதில்லை, மனிதர்கள் மேல் நம்பிக்கை மட்டும் போகிறது. வீடு மறுபடி நிரம்பியதே அதற்குச் சாட்சி. இதை அவரிடம் நீங்கள் சொல்லலாம். ஆனால் அவர் பக்கமும் ஒன்று இருக்கிறது. அவர் பயந்திருக்கிறார். அம்மா விழுந்துவிடுவார் என்றோ தீப்பிடித்துவிடும் என்றோ அவர் பயந்திருந்தால், அந்தப் பயம் வீண் இல்லை என்பது சென்ற மாதம் தெரிந்துவிட்டது.

அதனால் மன்னிப்பு, விளக்கம் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். என்னைக் கேட்காமல் எதையும் தொடக் கூடாது என்று நீங்கள் கேளுங்கள். பதிலுக்கு, அம்மா நடக்கும் வழி இந்தத் தேதிக்குள், முதல் அறையின் ஜன்னல் இந்தத் தேதிக்குள் என்று நீங்கள் நாள் சொல்லுங்கள். வாரம் ஒரு நாள் அவர் வந்து பக்கத்தில் உட்காரட்டும். அவர் வேலை தூக்குவது, கொண்டுபோய்ச் சேர்ப்பது. முடிவு உங்களுடையது. 'இது எதற்குப்பா?' என்று அவர் வாதாடினால் நீங்கள் அந்தப் பொருளுக்கு வக்கீலாகிவிடுவீர்கள். 'கடைசியாக இதை எப்போது எடுத்தீர்கள்?' என்று மட்டும் கேட்டுவிட்டு அவர் பேசாமல் இருக்கட்டும். உங்கள் மனைவிக்கும் இதே வேண்டுகோள்தான்.

இதையெல்லாம் தனியாகச் செய்தே தீர வேண்டும் என்று இல்லை. ஒரு மாதம் முயன்றும் ஒரு தட்டுகூட நகரவில்லையென்றால் மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பாருங்கள். கெயில் ஸ்டெகெட்டியும் ராண்டி ஃபிராஸ்டும் இதற்கென்றே வடிவமைத்த சி.பி.டி. (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை) முறை, சுமார் 26 அமர்வுகள் கொண்டது. சில அமர்வுகள் வீட்டிலேயே, அந்தக் குவியலுக்கு நடுவிலேயே நடக்கும். நான் மேலே சொன்னதில் பெரும்பகுதி அதைப் போன்ற சிகிச்சைகளில் செய்வதுதான். இந்தக் கோளாறுக்கென்றே தனி மருந்து எதுவும் இல்லை. ஆனால் இதோடு மனச்சோர்வோ பதற்றமோ கவனக்குறைபாடோ கூடவே இருப்பது மிகச் சாதாரணம், அவற்றுக்கு மருந்து உதவும். தூக்கமின்மை நீடித்தால், எதிலும் ஈடுபாடு இல்லாமல் போனால், இதை அவசியம் சொல்லுங்கள். இன்னொன்று, உங்களுக்கு இது சிறு வயதிலிருந்தே இருக்கிறது. இதைப் படிக்கும் வேறு யார் வீட்டிலாவது, இத்தனை வருடம் இல்லாத இந்தப் பழக்கம் வயதான பிறகு திடீரென்று வந்திருந்தால், மறதி நோய் போன்றவற்றின் தொடக்கமாகவும் இருக்கலாம். தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

63 வயதில் மாறுமா என்று கேட்டீர்கள். மாறும், மெதுவாக. இப்படிப்பட்ட சிகிச்சையில் பெரும்பாலானோருக்கு முன்னேற்றம் தெரிகிறது. வீடு முழுக்கக் காலியாவது அபூர்வம், அதை இலக்காகவும் வைக்காதீர்கள். சில வாரம் நன்றாகப் போய், ஒரு வாரம் பத்துப் பொருள் உள்ளே வந்துவிடும். வந்தால் நோட்டில் எழுதிவிட்டு மறுநாள் அரை மணியைத் தொடருங்கள். மூன்று மாதம் கழித்து அதே வாசலில் நின்று அதே மூன்று படங்களை எடுத்து, பழையதோடு வைத்துப் பாருங்கள். அந்த நோட்டோடும் படங்களோடும் எனக்கு மறுபடி எழுதுங்கள், அடுத்து எந்த அறை என்று சேர்ந்து முடிவு செய்யலாம்.